பச்சைப் பையும் ஐந்தாம் நிபந்தனையும்

போன லீவுக்கு வீட்டில் எனக்குத் தந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போக ஒரு நல்ல ட்ராவல்ஸ் கம்பனி பிடிக்க வேண்டும்.

அவ்வளவுதான். கம்பனி நடத்தச் சொல்லவில்லை. பிடிக்கத்தான் சொன்னார்கள்.

"வாப்பா, நாலு இடத்துல நல்லா விசாரிங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் மட்டும் வாணாம்," என்றாள் மகள் பஸீலா.

அந்தக் கடைசிப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு.

அதற்கு முந்திய லீவில், "எனக்குத் தெரிஞ்ச ஒரு வேன் இரிக்கி" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். வேன் தெரிந்த வேன்தான். அதன் எஞ்சின்தான் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. நுவரெலியா பார்க்கப் புறப்பட்ட மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் மூவர், நான் என்று ஆறு பேரும் மஹியங்கனையில் ஒரு கராஜைப் பார்த்தோம். ஒன்றரை நாள் பார்த்தோம்!

லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என் மூத்த பேத்தி மர்யம் 'நான் கண்ட கராஜ்' என்று இரண்டு பக்கம் எழுதினாள். கியர்ப்பெட்டியை எப்படிக் கழற்றுவது, கராஜ்காரரின் நாய்க்கு எந்தக் காதில் சொறி, எல்லாம் இருந்தது. 'எனது மூத்தாப்பா டயருக்கு மேலே உட்கார்ந்து, இன்னும் அரை மணித்தியாலம் என்று பதினாறு தடவை கூறினார்' என்றும் இருந்தது.

எண்ணியிருக்கிறாள்!

வகுப்பில் முதற்பரிசு. காலைக் கூட்டத்தில் வாசித்தும் விட்டார்கள். அதன் பிறகு தெருவில் என்னைக் காண்கிறவர்கள் ஸலாம் சொன்ன கையோடு, "இன்னும் அரை மணித்தியாலமா காக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஆகவே இந்த முறை மர்யம் முன்னேற்பாடாக இருந்தாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். நிபந்தனைகள்.

ஒன்று, வேன் ஓட வேண்டும். இரண்டு, ரயிலில் ஏற வேண்டும், பார்த்தால் மட்டும் போதாது. மூன்று, சொந்தக்காரர் வீட்டு மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்கக் கூடாது. நான்கு, பாத்ரூம் சுத்தமாக இருக்க வேண்டும். ஐந்து, மூத்தாப்பாவுக்குத் தெரிந்த ஆள் எவரும் இதில் வரக் கூடாது.

கீழே கையெழுத்துக்குக் கோடு வேறு போட்டிருந்தாள்.

"இந்த முறையும் ஏமாத்தினீங்கெண்டா?"

"ஏமாத்த மாட்டன் மன."

"ஏமாத்தினா நான் இனி உங்களோட எங்கயும் வர மாட்டன். கடக்கரைக்கும் வர மாட்டன்."

அது பெரிய தண்டனை. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு நானும் அவளும் கடற்கரை வரை நடப்பது வழக்கம். என் நாளில் கதை உள்ள நேரம் அது ஒன்றுதான். நான் முப்பது வருடம் தையல் மெஷின் திருத்தினவன். ஊரில் 'மெஷின் காக்கா' என்றுதான் பேர். வீட்டில் கதைக்கிற வேலை என் மனைவியுடையது, கேட்கிற வேலை என்னுடையது. அவள் மௌத்தாகி ஆறு வருடமாகிறது. கேட்கிற வேலையை மட்டும் நான் விடாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு கல்முனை டவுனுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ட்ராவல்ஸ் என்று போர்ட் போட்ட கடைகளில் முக்கால்வாசி ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் மக்கத்துக்கு ஆள் அனுப்புகிறவை. இது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் முதலாவது கடைக் கண்ணாடியில், கஃபதுல்லாவின் பெரிய படத்துக்குக் கீழே, ஒரு மூலையில் தேயிலைத் தோட்டப் படமும் இருந்தது. நம்பி ஏறினேன்.

உள்ளே நல்ல குளிர். கோட் போட்ட ஒரு தம்பி எழும்பி வந்து இரண்டு கையாலும் கை கொடுத்து உட்கார வைத்தார். ஜூஸ் வந்தது. பேரீச்சம்பழம் வந்தது. ஜூஸ் முடிகிற வரைக்கும் நானும் வந்த விசயத்தைச் சொல்லவில்லை. நல்ல ஜூஸ்.

"நுவரெலியாக்கா?" தம்பி கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். "அது முந்தி இருந்த கடக்காரர்ட படம் காக்கா. கழட்டினா கண்ணாடியில கறை நிக்கிது. அதான் உட்டிரிக்கம்."

எழும்பப் போனேன். விடவில்லை.

"காக்காக்கு உம்றா செய்யிற நிய்யத்து இரிக்கா?"

"நிய்யத்து ஆருக்குத்தான் இல்ல?"

"அது போதும்!" என்று ஒரு பையை எடுத்தார். நல்ல தடித்த பச்சைத் துணி. ஒரு பக்கம் கஃபதுல்லா, மறுபக்கம் பறக்கிற விமானம். "நிய்யத்து இரிக்கிற ஆள வெறுங்கையோட அனுப்பப்படாது."

வாசல்வரை வந்தவர் மெல்லிய குரலில் சொன்னார்: "உள்ளூர்ப் பயணமெண்டா பாண்டிருப்பில ஒரு அக்கா செய்யிறாவாம். நல்லமெண்டு கேள்வி."

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

"எனக்குத் தெரியா."

"எனக்கும் தெரியா. அப்ப சரி."

ஆனால் நாலு இடம் விசாரிக்கச் சொல்லியிருந்தார்களே! வழியில் 'குடும்ப உல்லாசப் பயணம்' என்று போர்ட் போட்ட இன்னொரு இடத்துக்கும் போனேன். அங்கே ஒருவர் ஃபோனைக் காதில் வைத்தபடியே என்னோடும் கதைத்தார்.

"சின்னப் பிள்ளைகள் மூணு பேர்," என்றேன்.

"பிரச்சினையில்ல."

"ரயில்ல ஏறணும்."

"பிரச்சினையில்ல."

"வேன்ல ஏறினா மூணு பேரும் சத்தி எடுப்பாங்க."

"பிரச்சினையில்ல."

"வேனுக்கு முன்னால யானை வந்து நிண்டா?"

"அதுவும் பிரச்சினையில்ல காக்கா, நம்மட ஆள்கள் இரிக்காங்க."

எனக்கு மஹியங்கனை ஞாபகம் வந்தது. இறங்கிவிட்டேன்.

பாண்டிருப்பில் வசந்தி என்ற அந்தப் பிள்ளை வீட்டு முன் அறையில் ஒரு மேசையும் ஒரு கொப்பியும் வைத்துக்கொண்டு இருந்தாள். ஜூஸ் இல்லை. கேள்விதான்.

"பிள்ளையளுக்கு எத்தின வயசு ஐயா?"

"மூத்தவ ஒம்பது. பொடியன்மார் ரெண்டும் இரட்டை, அஞ்சு."

"ஆர் சத்தி எடுக்கிறது?"

"மூணு பேரும்."

"நீங்க?"

கொஞ்சம் யோசித்தேன். "நானும்."

எழுதிக்கொண்டாள். எத்தனை மணிக்குத் தொழுகைக்கு நிறுத்த வேண்டும், ஹலால் சாப்பாட்டுக்கு எந்த ஊர் வசதி, இரட்டையர் ஒரே கட்டிலில் படுப்பார்களா சண்டை பிடிப்பார்களா, எல்லாம் கேட்டாள். பதுளையில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கலாம், சனிக்கிழமைக்கு ஆறு சீட் இருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னர் உறுதி சொல்ல வேண்டும் என்றாள். "அதுக்குப் பிறகு சீட் போனாப் போனதுதான் ஐயா. நான் இருக்கெண்டு பொய் சொல்ல மாட்டன்."

கிளம்பும்போது மடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"ஐயா மக்காவுக்குப் போறீங்களா?"

"இல்ல பிள்ள. மரக்கறிக்குப் போறன்."

அந்த ஒரு வாரத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் நேராகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அப்போது எனக்கு அதன் அருமை தெரியவில்லை.

சந்தைக்குப் போனேன். கத்தரிக்காயும் வெண்டிக்காயும் பைக்குள் போட்டேன். மீனைப் போட மனம் வரவில்லை. கஃபதுல்லாவின் படம் போட்ட பைக்குள் பாரை மீனையா போடுவது? மீனை ஒரு கையில் தொங்கவிட்டேன். பையை, படம் மண்ணில் உரசக் கூடாது என்று, மறு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அப்படியே டவுனில் இருந்து வீடு வரைக்கும் நடந்தேன். நடுப்பகல். எல்லாக் கடைகளும் திறந்திருந்தன.

பக்கத்து வீட்டுக் காதர் வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். பையைக் கண்டார். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, மீனோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"காக்கா! மாஷா அல்லாஹ்! ஒரு சொல்லுச் செல்லல்லயே நீங்க!"

"இல்ல காதர், இது வந்து—"

"நீங்க கதைக்காதீங்க. முதல்ல நான் கதைக்கணும்."

எங்கள் ஊர் வழக்கம் அது. மக்கத்துக்குப் போகிறவர் போவதற்கு முன்னர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பயணம் சொல்ல வேண்டும். மற்றவர்களும் தங்கள் மனதில் கிடக்கிறதை அவரிடம் சொல்லிப் பொறுக்கச் சொல்லுவார்கள். கணக்கு மீதி வைத்து ஆளை அனுப்பக் கூடாது.

காதரின் கண் கலங்கிவிட்டது. "காக்கா, பதினொரு வருசத்துக்கு முந்தி உங்கட ஏணி காணாமப் போன."

"ஓம்."

"நானும் உங்களோட சேர்ந்து தேடினன்."

"ஓம். கிணத்துக்குள்ளயும் நீதானே எட்டிப் பாத்த."

"என்ட ஊட்டுப் பின்பக்கம் மட்டும் தேட உடல்ல."

"ஓம்?"

"அவடத்ததான் இரிந்த."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கத்தான் போனேன். ஆனால் ஒரு மனிதன் நடுத்தெருவில் அழுதுகொண்டு பதினொரு வருடத்துப் பாவத்தை இறக்கி வைக்கிறான். அவனிடம், 'இது கத்தரிக்காய்ப் பை' என்று எப்படிச் சொல்வது? அதோடு, எனக்கு அந்த ஏணி வேண்டியும் இருந்தது.

"பொறுத்தன் காதர்," என்றேன்.

பத்து நிமிடத்தில் ஏணி என் சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டு படி புதிதாக மாற்றி, சாயமும் அடித்திருந்தார். பதினொரு வருடம் நான் வைத்திருந்தால் உக்கிப்போயிருக்கும்.

குசினியில் பஸீலா மீனைத் தூக்கிப் பார்த்தாள். "ஏன் வாப்பா மீன் இப்பிடி நசிஞ்சிரிக்கி?"

"காதர் கட்டிப் புடிச்சாரு."

"என்னத்துக்கு?"

"ஏணி தந்தாரு."

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உம்மாவின் பார்வை அப்படியே இருக்கிறது அவளிடம். ஆனால் கம்பனி பிடித்தாயிற்று, ரயில் இருக்கிறது என்றதும் வேறொன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரஹீம் மாஸ்டர் வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், எங்கள் பள்ளிவாசலின் செயலாளர். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"காக்கா, ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு பெருநாள் தொழுகைக்குப் பிறகு உங்கட புதுச் செருப்புக் காணாமப் போன ஞாபகமா?"

"வெறுங்காலோட ஊட்ட வந்த ஞாபகம் இரிக்கி."

"அண்டைக்குச் சன நெருக்கம். என்ட எண்டு நெனச்சிப் போட்டுத்துப் பொயித்தன். ஊட்ட வந்துதான் பாத்தன்."

"திருப்பித் தந்திருக்கலாமே மாஸ்டர்."

"நல்ல செருப்புக் காக்கா," என்றார் மாஸ்டர்.

நான் மெதுவாகக் கீழே பார்த்தேன். அதே செருப்பு! இன்னும் அவர் காலில்தான் இருந்தது. உண்மையிலேயே நல்ல செருப்பு.

"மாஸ்டர், நான் உம்றாவுக்கெல்லாம்—"

"பொறுத்தன் எண்டு ஒரு சொல்லுச் செல்லுங்க காக்கா. ஆறு வருசமா ஒழுங்கா நித்திரை இல்ல."

ஒருவரின் நித்திரையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? பொறுத்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மாஸ்டர் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார். ஏணிக்குப் பக்கத்தில் செருப்பும் சேர்ந்தது.

எனக்கு இந்த வேலை கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது என்பதை ஒளிக்கக் கூடாது. காணாமல் போன மண்வெட்டி ஒன்றும் ஒரு மழைக்குடையும் என் மனக்கண்ணில் வந்து போயின. வாசலைப் பார்த்தபடி இருந்தேன்.

புதன்கிழமை வந்தது மண்வெட்டி அல்ல. ஸுபைதா மச்சி. என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. கையில் மூடிய பாத்திரம்.

இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "மச்சி, இஞ்ச பாருங்க. நான் உம்றாவுக்குப் போகல்ல. சனிக்கிழமை நாங்க நுவரெலியாக்குப் போறம். உம்றாவுக்கு இல்ல."

ஸுபைதா மச்சி பஸீலாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியாகா புள்ள? அமல மறைக்கிறாரு."

அதோடு என் கதை முடிந்தது. நற்செயலைப் பறை அடிக்காமல் மறைத்துச் செய்கிறவனுக்குத்தான் கூலி அதிகம் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே நான் ஓம் என்றால் உம்றாவுக்குப் போகிறேன். இல்லை என்றால் கட்டாயம் போகிறேன்!

மச்சி பாத்திரத்தைத் திறந்தாள். வட்டிலாப்பம்.

"மச்சான், கல்யாண ஊடுகள்ள எல்லாரும் என்ட வட்டிலாப்பம் எண்டு புகழ்றாங்களே, அது என்ட இல்ல. ராத்தாட அளவு. அவ கிண்டக்கொள்ள பின்னால நிண்டு பாத்துப் பழகினன். என்ட எண்டுதான் எல்லாருக்கும் செல்லித்து வாறன்."

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். அதே ஏலக்காய். கடைசியில் வருகிற அந்தக் கொஞ்சச் சாதிக்காய். ஆறு வருடம்.

"அவக்கு இது தெரியுமா?"

"தெரியும். ஒரு நாளும் கேக்கல்ல."

என் மனைவி கதைக்காமல் விட்ட விசயமும் ஒன்று இருந்திருக்கிறது!

"பொறுத்தன்," என்றேன். பிறகு, "இன்னும் கொஞ்சம் இரிக்கா மச்சி?" என்றேன்.

அன்று பின்னேரத்துக்குள் 'மெஷின் காக்கா அமல மறைக்கிறாராம்' என்ற செய்தி இரண்டு தெருவைத் தாண்டிவிட்டது. மக்கத்து ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவர வெறும் போத்தல் பதினொன்று வந்து சேர்ந்தது. அங்கே தங்களுக்காக இறைவனிடம் துஆக் கேட்கச் சொல்லிப் பேர் எழுதின துண்டுகள் வந்தன. மகனுக்குப் பெண், மகளுக்கு வேலை, ஒருவருக்கு முழங்கால். எல்லாவற்றையும் பஸீலா மேசையில் அடுக்கினாள்.

"வாப்பா, நீங்க எப்ப உண்மையச் செல்லப் போறீங்க?"

"செல்றன்."

"எப்ப?"

"இன்னும் அரை மணித்தியா—" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போக வாசலில் நின்றேன். மர்யம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தம்பிமார் இருவரும் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பை வெறுமையாக மூலையில் கிடந்தது.

"கடக்கரைக்கு வரல்லயா மன?"

"நீங்க சனிக்கிழம உம்றாவுக்குப் போறீங்க. ரஹீம் மாஸ்டர்ட பேத்தி செல்றா."

"இல்ல மன. சனிக்கிழம நான் உங்களோட நுவரெலியாக்கு வாறன்."

"அப்ப போத்தல்?"

மேசையில் நின்ற பதினொரு போத்தலையும் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப ஏன் எல்லாருக்கும் 'பொறுத்தன் பொறுத்தன்' எண்டு செல்றீங்க?"

ஏணிக்காக என்று பேத்தியிடம் சொல்ல முடியுமா?

"நான் உண்மையத்தான் செல்றன் மன. கையெழுத்தெல்லாம் போட்டுத் தந்தேனே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"நீங்க அமல மறைக்கிறீங்க," என்றாள்.

கடற்கரைக்குத் தனியாகத்தான் போனேன். போன வேகத்தில் திரும்பியும் வந்தேன். வெறும் கடலைப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் நடக்கத் தேவையில்லை.

வழியில் வசந்தி ஃபோன் எடுத்தாள். "என்ன ஐயா, ஆறு பேரும் உறுதிதானே?"

"அஞ்சு பேர் உறுதி பிள்ள. ஒரு ஆள் கோவம்."

"எந்த ஆள்?"

"ஒம்பது வயசு ஆள்."

"அந்த ஆளுக்காகத்தானே ஐயா ரயில் கேட்டீங்க! அவ இல்லாட்டி அஞ்சு சீட்டும் என்னத்துக்கு? நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் பாக்கிறன்."

வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போகும்போதே முடிவு எடுத்துவிட்டேன். தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும். முதலில் ரஹீம் மாஸ்டரிடம். அவர் பேத்தி மூலமாக மர்யத்துக்கு உண்மை போய்ச் சேரும்.

நான் அவரைப் பிடிப்பதற்கு முன்னர் அவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எங்கட மஹல்லாவைச் சேர்ந்த மெஷின் காக்கா, வெளிய செல்ல விரும்பாட்டியும், நாளைக்கு உம்றாக் கடமைக்காகப் பயணமாகிறாரு. அவருக்காக எல்லாரும் துஆச் செய்வம்."

முந்நூறு பேர் கை ஏந்தினார்கள்.

அறுபத்தேழு வயது வரைக்கும் நான் எந்த மைக்கிலும் கதைத்ததில்லை. என் கல்யாணத்திலும் தலையைத்தான் ஆட்டினேன். ஆனால் முந்நூறு பேர் அல்லாஹ்விடம் கையேந்தி எனக்காகக் கேட்கும்போது, அதுவும் போகாத பயணத்துக்குக் கேட்கும்போது, சும்மா இருப்பது எப்படி? எழும்பிப் போய் மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"துஆவ நிப்பாட்டுங்க," என்றேன்.

மைக் என் குரலை இரண்டு மடங்காக்கித் தெருவுக்கு அனுப்பியது.

"நான் நாளைக்குப் போறது நுவரெலியாக்கு. பேரப்பிள்ளைகளோட வேன்ல போறன். அந்தப் பை சும்மா தந்த பை. அதுக்குள்ள இருந்த கத்தரிக்கா. நான் அமல மறைக்கல்ல. மறைக்கிறதுக்கு என்னட்ட அமல் ஒண்டும் இல்ல."

முந்நூறு பேரும் ஏந்தின கையோடு என்னைப் பார்த்தார்கள்.

ரஹீம் மாஸ்டர் என்னைப் பார்த்தார். மைக் அவர் கையிலேயே இருந்ததை மறந்துவிட்டார்.

"அப்ப செருப்பு?" என்றார்.

அதுவும் தெருவுக்குப் போனது.

"எந்தச் செருப்பு?" என்று முதல் வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார். "மாஸ்டர், எந்தச் செருப்பு?" என்று பின்வரிசையும் கேட்டது. மாஸ்டர் மைக்கை என் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்தார்.

"செருப்புப் பொறுத்தது பொறுத்ததுதான்," என்றேன், அவருக்கு ஆறுதலாக. அதையும் மைக்கில்தான் சொன்னேன்.

அதற்கு மேல் சனத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெளியே காதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன காக்கா இது! நுவரெலியாக்குத்தான் போறீங்க எண்டு தெரிஞ்சிருந்தா நான் வாயத் தொறந்திருக்கவே மாட்டனே!"

"காதர், நீயும் என்னப் பொறுக்கணும்," என்றேன். அவர் சொன்னதற்குப் பிறகு நான் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. "உன்ட பலாமரத்துல முன்பக்கம் காய்க்கிறதெல்லாம் அணில் திண்டது இல்ல."

"நீங்களா? எப்பிடி ஏறின?"

"ஏணி இல்லாததால சுவரில ஏறித்தான்."

காதர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அப்ப ஏணிய நான் எடுத்தது நல்லதாப் போச்சி. இல்லாட்டி மேல் கொப்பும் போயிருக்கும்," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. வாசலில் பஸீலா வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் மர்யத்தின் பை. நிறைந்து, சிப் மூட முடியாமல் இருந்தது.

"மைக்கில எல்லாம் எனக்குக் கேட்ட," என்றாள் மர்யம்.

"ஓம்."

"கத்தரிக்கா எண்டு செல்லத் தேவல்ல. வெக்கம்."

"உண்மை கேட்டியே மன."

"அவ்வளவு கேக்கல்ல."

வசந்திக்கு ஃபோன் எடுத்து ஆறு என்று சொன்னேன். அன்று பின்னேரம் கடற்கரைக்கு இரண்டு பேர் போனோம்.

சனிக்கிழமை காலை வேன் வந்தபோது தெருவே வாசலில் நின்றது. துஆத் துண்டுகளை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தேன். போத்தல்களையும் கொடுத்தேன். ஆனால் போத்தலுக்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரு உரப்பையை நீட்டினார்கள். கரட், லீக்ஸ், கோவா. ஸுபைதா மச்சி பீட்ரூட்டும் சொன்னாள். "போறது எங்கயெண்டாலும் வெறுங்கையோட வரப்படாது மச்சான்!"

ரஹீம் மாஸ்டரும் வந்திருந்தார். புதுச் செருப்பு. நான் பார்த்ததை அவர் பார்த்தார். "காசி குடுத்து வாங்கின," என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

பயணத்தைப் பற்றி என்ன சொல்ல? வேன் ஓடியது. ரயில் நேரத்துக்கு வந்தது. ஆறு பேருக்கும் ஜன்னல் பக்கம். பாத்ரூம் பளபளத்தது. சத்தி எடுக்கிற ஒவ்வொரு வளைவுக்கும் முன்னரே வசந்தியின் ட்ரைவர் நிறுத்தி, தேசிக்காய் நீட்டினார். அவர் நீட்டுவதற்கு முதலே நான் வாங்கிக்கொண்டேன். மூன்று நாளும் ஒரு குறை இல்லை. திரும்பும்போது வேனில் எங்களைவிடக் கரட் அதிகம்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. மறுபடியும் கட்டுரை.

மர்யம் பென்சிலைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'நாங்கள் நுவரெலியாவுக்குச் சென்றோம். வேன் ஓடியது. ரயில் ஓடியது. குளிராக இருந்தது.' அதற்குப் பிறகு வெறுந்தாள்.

"ஒண்டும் நடக்கல்ல மூத்தாப்பா," என்றாள் வெறுப்போடு. "எழுத ஒண்டும் இல்ல."

தாளைக் கிழித்தாள். புதுத் தாளில் தலைப்புப் போட்டாள்: 'எனது மூத்தாப்பாவின் பச்சைப் பை'. மூன்று பக்கம். கத்தரிக்காயும் இருக்கிறது, செருப்பும் இருக்கிறது, பலாப்பழமும் இருக்கிறது. முதற்பரிசு. காலைக் கூட்டத்தில் வாசித்தும் விட்டார்கள். இப்போது தெருவில் யாரும் அரை மணித்தியாலம் கேட்பதில்லை. "அமல மறைக்கிறீங்களா காக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அடுத்த லீவுக்கு நிபந்தனைத் தாள் வந்துவிட்டது. முதல் நான்கும் அப்படியே இருக்கின்றன. ஐந்தாவது மட்டும் மாறியிருக்கிறது: 'கம்பனியை வசந்தி ஆன்ட்டி பார்ப்பார். கட்டுரைக்கு மூத்தாப்பா கட்டாயம் வர வேண்டும்.'

மறுமுறை வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.